காணாமல் போன கார்புரேட்டர் ஊசி

“எடுத்தது நீதானேம்மா? கொடுத்துடு” என்றான் பெரியவன். குரலில் கோபம் இல்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள் அம்மா. “அந்த ஓட்டை வண்டியோட ஊசியை நான் எதுக்குடா எடுக்கப் போறேன்? அதை வச்சு சட்டையா தைக்கப் போறேன்?”

கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஊசி அது. விரல் நீளம்கூட இருக்காது, ஆனால் அது இல்லாமல் வண்டி ஒழுங்காகத் தெருமுனை தாண்டாது. காலமான அப்பா இளவட்டத்தில் மண்மேட்டிலும் சேற்றிலும் பந்தயம் ஓட்டிய பைக். சாமான் எந்தக் கடையிலும் கிடைக்காததால், வீட்டுக்குப் பின்னால் இருந்த தன் பட்டறையில், பெரியவனே ஒவ்வொன்றாக லேத்தில் கடைந்து செய்தான்.

செய்ததெல்லாம் கால் முளைத்துப் போய்க்கொண்டிருந்தது. முதலில் கிக்கர் பின் காணோம், அதில் ஒரு பந்தயம் போயிற்று. அப்புறம் செயின் மாட்டும் சின்னப் பல்சக்கரம், அதில் இன்னொரு பந்தயம். இப்போது ஊசி. வருகிற ஞாயிறு இந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம், ஓட்டப் போகிறவள் அவன் தங்கை.

அம்மாவைச் சந்தேகப்படக் காரணம் இருந்தது. மாடிப்படிக்கு அடியிலிருந்து வண்டியை வெளியே இழுத்த அன்றைக்கே, “என் பொண்ணு கையைக் காலை உடைச்சுக்கிட்டு வந்து நிக்கணுமா? பழைய இரும்புக்காரன் வரட்டும், தூக்கிப் போட்டுடறேன்” என்று ஆடித் தீர்த்தவள் அவள்தான்.

“வேண்டாம்னு கத்தினேன், ஒத்துக்கறேன்” என்றாள் அம்மா இப்போது. “கத்தறவ திருட மாட்டாடா. திருடணும்னா வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியணும். அது எனக்கு இந்த ஜென்மத்துல வருமா?”

அதற்குள் தங்கை டீயோடு எட்டிப் பார்த்தாள். சீப்பு வைத்த இடத்தில் இல்லாவிட்டாலே வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிறவள் சின்னவள். “போனா போகுதுண்ணா, வேற ஒண்ணு செஞ்சுடேன்” என்று டம்ளரை நீட்டினாள்.

“சரி” என்றான். மனைவி செத்துப் போனதிலிருந்து அவனுக்கு எல்லாமே சரிதான். சாப்பிடு என்றால் சாப்பிட்டான், குளி என்றால் குளித்தான். பட்டறையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் வேறு யாருக்கோ சொல்லிவிட்டுப் போவதுபோல இருந்தது. அழுகைகூட வரவில்லை. நான் மனுஷன்தானா என்று நினைத்துப் பார்த்தான், அந்த நினைப்பும் வலிக்கவில்லை.

அப்படிக் கிடந்தவனைக் காலைப் பிடித்து இழுத்தவள் சின்னவள். “அப்பா வண்டியில நான் ரேஸ் ஓட்டணும்ணா. உன்னை விட்டா யாரு இருக்கா?” கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் சாவியை எடுத்து அவன் கையில் திணித்தாள். வாய் தவறிச் சரி என்றுவிட்டான். மனைவிக்குக் கொடுத்த எத்தனையோ வாக்கு அப்படியே நின்றுவிட்டது, இந்த ஒன்றையாவது முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று தினமும் பட்டறைக்குப் போனான்.

புது ஊசிக்காக மறுபடியும் லேத் ஓடியது. சின்னவள் பக்கத்தில் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இது எதுக்கு, அது எதுக்கு என்று தொணதொணத்தாள். மத்தியானம் தட்டைக் கொண்டுவந்தபோது அவனுக்கு நிஜமாகவே பசித்தது. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை புது ஊசியை மாட்டினான். கிக்கரை ஓங்கி ஒரு மிதி. வண்டி புகையைக் கக்கிக்கொண்டு அலறியது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு வந்து, “அப்படியே உங்கப்பா சத்தம்” என்றாள். திட்டுகிறாளா மெச்சுகிறாளா, தெரியவில்லை. அவனுக்கு உள்ளே ஒன்றும் அசையவில்லை. கை மட்டும் ஆக்சிலேட்டரை இன்னொரு தடவை திருகியது.

ஒரு வேலை பாக்கி. ஓட்டுகிறவளின் பூட்ஸ் கனத்துக்குத் தக்கபடி கியர் லிவரை ஏற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேடு ஏறும்போது கியர் விழாது. வேறு மெக்கானிக் என்றால் இது போதும் என்று விட்டிருப்பான். பெரியவனுக்கு மனசு கேட்கவில்லை. சின்னவளின் கட்டிலுக்கு அடியிலிருந்து ரேஸ் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே ஏதோ கலகலத்தது.

கவிழ்த்தான். கிக்கர் பின், பல்சக்கரம், துணியில் சுற்றிய ஊசி, எல்லாம் சிமெண்டுத் தரையில் விழுந்தன.

நிமிர்ந்தால் பட்டறை வாசலில் சின்னவள். முகத்தில் ஈயாடவில்லை.

“நீயா? பாவம், அம்மாவை வேற கேட்டுட்டேனேடி!”

அவள் உள்ளே வந்து, உருண்டு போன பல்சக்கரத்தைப் பொறுக்கினாள்.

“உனக்கு ஓட்ட இஷ்டம் இல்லையா?”

“எனக்கு அது உயிருண்ணா.”

“அப்புறம் ஏன்டி? ரெண்டு ரேஸ் போச்சே!” அவன் போட்ட சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது. அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“வண்டி முடிஞ்சுட்டா நீ மறுபடியும் போய்ப் படுத்துப்பியேண்ணா!”