திருப்பிவிட்டவள்

“என் வாசலுக்கு வர்ற ஆளைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போறா. இவ எல்லாம் ஒரு கூடப்பிறந்தவளா?”

தையல்கடை அக்கா மேஜையில் அறைந்த அறையில் நூல்கண்டு உருண்டு கீழே விழுந்தது. எதிரே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த வெப்சைட்காரர் அதை எடுத்து வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். காலையிலிருந்து இதே பாட்டுதான்.

அக்கா தைப்பதை எல்லாம் விற்பது இணையத்தில். வெப்சைட்டுக்கு இடம் கொடுக்கிற பழைய ஹோஸ்டிங் கம்பெனி நினைத்தபோதெல்லாம் படுத்துக்கொள்கிறது என்று, கடையின் வெப்சைட்டைப் புதுக் கம்பெனிக்கு மாற்றச் சொன்னாள். வெப்சைட் சமர்த்தாக வந்துவிட்டது. கூடவே வந்த ரீடைரக்டுகள்தான் உயிரை எடுத்தன. ஒரு முகவரிக்கு வருகிறவரை இன்னொரு முகவரிக்குத் திருப்பிவிடுகிற வழிகள் அவை.

உடுப்புப் பக்கம் திறக்கிறது. ஸ்கூல் பைகளின் பக்கம் மட்டும் சுற்று சுற்றென்று சுற்றி, கடைசியில் ‘திறக்க முடியவில்லை’ என்று கையை விரிக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் வேறு. இதை விட்டால் தைத்து அடுக்கிய பையெல்லாம் அடுத்த வருஷம் வரை மூலையில் தூங்க வேண்டியதுதான்.

புதுக் கம்பெனியைக் கேட்டால், ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று பதில் வருகிறது. யாரிடம் இருக்கிறது பொறுமை?

“போன வாரம் வரைக்கும் எப்படிக் கொட்டுச்சு ஆர்டர்! சின்னவளோட பழைய கஸ்டமருங்களே என்கிட்ட வந்துட்டாங்க தம்பி. தரம்னா என்னன்னு தெரிஞ்சவங்க. அது பொறுக்கலை அவளுக்கு.”

சின்னவள் என்பது தங்கை. இருவரும் ஒன்றாகத்தான் கடை நடத்தினார்கள். பிரிந்தபோது உடுப்பு பெரியவளுக்கு, பை சின்னவளுக்கு என்று பேச்சு. பைகளின் பக்கத்துக்கு வருகிறவர்களைத் தங்கையின் புதுக் கடைக்குத் திருப்பியும் விட்டார்கள். அப்புறம் ஏதோ வாய்த்தகராறு. வந்த ரோஷத்தில் அக்காவும் பை தைக்க ஆரம்பித்து, அந்த வழியை அடைத்துவிட்டாள். அதோடு பேச்சும் நின்றது.

“அக்கா, கிடைச்சிடுச்சு!” வெப்சைட்காரர் நிமிர்ந்தார். “ஒண்ணு விடாம எல்லாத்தையும் எடுத்துட்டு வான்னு சொன்னீங்கல்ல? நீங்க அடைச்சு வெச்ச வழியும் சேர்ந்து வந்து திறந்துக்கிச்சு. பை கேட்டு வர்றவங்களை நாமளேதான் உங்க தங்கச்சி கடைக்கு அனுப்பிக்கிட்டு இருக்கோம்.”

“அப்போ அவகிட்ட போய்ச் சேர்ந்திருக்கணுமே? ஏன் சுத்துது?”

“அங்கதான் சிக்கல். அவங்க திரும்ப நம்மகிட்டயே அனுப்புறாங்க. நாம அங்க, அவங்க இங்க. பந்து மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கோம்.”

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. “பார்த்தியா! நான் அனுப்பின ஆளுங்களை என் மூஞ்சியிலயே திருப்பி அடிக்கிறா. என்ன திமிரு!”

“நம்ம வழியை அடைச்சுட்டேன்க்கா. இதோ, பக்கம் திறந்துடுச்சு. விட்டுடுங்க.”

“விடுறதாவது! நாளைக்கு இன்னொண்ணு பண்ணுவா. போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. நான் வாயே திறக்க மாட்டேன், நீயே கேளு. என்னதான் சொல்றான்னு பார்ப்போம்.”

அக்கா ‘தம்பி’ என்று கூப்பிட்ட பாவத்துக்கு இதுவும் தன் தலையில் விடிந்ததே என்று நொந்துகொண்டே அவர் எண்ணை அழுத்தினார். அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“வணக்கம்மா. உங்க அக்கா கடை வெப்சைட் பார்க்கிறவன் பேசறேன். உங்க கடைக்கு வர்றவங்களை எல்லாம் இங்க திருப்பி விட்டிருக்கீங்களே...”

“ஐயோ, அதனால அக்கா கடைக்கு ஏதாவது கெட்டுப்போச்சா?” மறுமுனை பதறியது.

அந்த வழியை எடுக்கச் சொல், எடுக்கச் சொல் என்று அக்கா கையை வீசி வீசிக் காட்டினாள்.

“அதை எடுத்துடுறீங்களான்னு கேட்கத்தான்...”

“அது மட்டும் வேண்டாம் தம்பி. என் மணிக்கட்டு போயிடுச்சு. மெஷின்ல உட்காரவே முடியலை. கடையை மூடி ரொம்ப நாளாகுது. தேடி வர்றவங்க வேற எங்கேயோ போறதுக்கு, அக்காகிட்டயாவது போகட்டுமேன்னுதான் திருப்பி விட்டேன்.”

வீசிய கை அப்படியே நின்றுவிட்டது. அக்கா பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள்.

வெப்சைட்காரருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. “இதை உங்க அக்காகிட்ட சொல்லட்டுமாம்மா?” என்றார்.

“வேண்டாம்ப்பா. அவளே ஜெயிச்சதா இருக்கட்டும்.”