மஞ்சள் வரி

ஒரு கணினி மொழியின் அடுத்த பதிப்பிலிருந்து ஒரு பழைய கட்டளையை நீக்குவதா என்று முடிவெடுக்க ஏழு பேர் கூடியிருந்தார்கள். அதைப் பயன்படுத்தும் எல்லாத் திரைகளிலும் 'இது இனி இருக்காது' என்று ஒரு மஞ்சள் வரி ஒன்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தது. ஆட்சேபித்து வந்தது ஒரே ஒரு கடிதம். ஏதோ ஓர் அணையில் மதகு திறக்கும் சங்கிலிமுத்து எழுதியிருந்தார். மதகைத் திறக்கும் புரோகிராமில் அந்தக் கட்டளை இருக்கிறதாம், அது போனால் மதகு திறக்காதாம். அதை எழுதிய பொறியாளர் இறந்துபோனாராம். வாக்கெடுப்புக்கு முன், ஏழு பேரில் ஒருத்தியான செயலாளர் மரகதவல்லி அவரைப் போனில் அழைத்தாள்.

“நீங்க பழைய பதிப்பையே வச்சுக்குங்க. புதுசுக்கு மாத்தாதீங்க, ஒண்ணும் ஆகாது.”

“நான் எங்கம்மா மாத்துறேன்? புதுசு வந்தா அதுவே மாத்திக்கும். சார் அப்படித்தான் செஞ்சு வச்சிட்டுப் போயிருக்காரு.”

“அதை நிறுத்திடுங்களேன்.”

“பாஸ்வேர்டு அவரோடயே போயிருச்சும்மா.”

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். “நீக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க. எல்லாரும் சரின்னா இன்னைக்கே வெளியிட்டுடலாம்.”

ஆறு கைகள் உயர்ந்தன. ஏழாவது கையில் போன் இருந்தது. அதில் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.