பூட்டு மூடி

“இது வேணாம் பாய். இன்னும் இறுக்கமான மூடியா காட்டுங்க” என்றாள் விக்னேஸ்வரி.

மலையூரான கம்போங் ராஜாவில் மீன் தொட்டியும் பறவைக்கூண்டும் விற்கும் கடை அது. ஜலால் பாய் மேசைமேல் ஏற்கெனவே இரண்டு மூடிகளை எடுத்துப் போட்டிருந்தார். விக்னேஸ்வரியின் கணவன் தர்மா, தேயிலைத் தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றாமல் கைகட்டி நின்றிருந்தான்.

“கம்பிவலை மூடியே போதும்லா” என்றான்.

“அது சரிப்படாது தம்பி. டாரன்டுலா சிலந்தி கண்ணாடியில ஏறும். வலையில நகம் சிக்கினா காலே போயிடும். சிலது வலையையே கடிச்சு ஓட்டை போட்டுடும். எத்தனை தடவை வெளிய வந்துச்சு?”

“ஒரே மாசத்துல மூணு தடவை பாய்” என்று அவள் முந்திக்கொண்டாள். “இவரு வேலை முடிஞ்சு வந்து கை கால் கழுவுனதும்தான் அதைக் காணோம்பாரு. டார்ச்சைத் தூக்கிட்டு லைன் வீடு முழுக்க அலையிறாரு. சோறு ஆறிப்போயிடுது.”

“அது பொந்துக்குள்ளயே கிடக்குற சாதியாச்சே. அவ்ளோ தூரமா போவுது?”

“நம்மளோடது கொஞ்சம் சுறுசுறுப்பு பாய். கடைசி வீடு வரைக்கும் போயிடும்” என்றான் தர்மா.

அந்தச் சிலந்திக்கு அவன் வைத்த பெயர் ராணி. ஐந்து வருடக் குடித்தனத்தில் விக்னேஸ்வரியை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மலைக்குளிர் ஆகாதென்று ராணிக்குச் சூடேற்றும் விரிப்பு வந்தது. அவள் கேட்ட ஸ்வெட்டர் இன்னும் வந்தபாடில்லை. ராணியைத் தேடிப் போனால் இரண்டு மணி நேரம் கழித்து, சிலந்தி பிடிக்கும் ஐஸ்கிரீம் டப்பாவைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் பூரிப்பாகத் திரும்புவான். அந்தப் பூரிப்பைப் பார்த்தால்தான் அவளுக்கு வயிறு எரியும். சாயங்கால நேரத்துப் புருஷன் அவளுக்குத் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் அவனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தாள்.

பாய் காந்தம் பதித்த மூடியை எடுத்து வைத்தார். அவள் தொட்டுப் பார்த்தாள்.

“ஒரு விரல்ல திறக்குது பாய்.”

“சிலந்திக்கு ஏது தங்கச்சி விரலு?”

“இருந்தாலும் வேணாம்.”

கடைசியில் கனமான அக்ரிலிக் மூடி ஒன்று வந்தது. பொடிப்பொடியாகக் காற்றுத் துளைகள், ஓரத்தில் கொக்கி, கொக்கியில் குட்டிப் பூட்டு.

“இதையே குடுங்க.”

“பூட்டெல்லாம் எதுக்கு? நான் தீனி போட வேணாமா?” தர்மாவின் குரல் உயர்ந்தது.

“நான் போடுறேன்.”

“நீயா? பெட்டி கிட்டயே வர மாட்டியே!”

“இப்போ பழகிட்டேன்.”

ஜலால் பாய் சிரித்துவிட்டார். “சிலந்தி மேல தங்கச்சிக்கு எவ்ளோ பாசம் பாருங்க தம்பி! குடுத்து வெச்ச ஆளுலா நீங்க.”

விக்னேஸ்வரி பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்தாள். இரண்டு சாவிகளையும் தாலிக்கொடியில் தொங்கிய ஊக்கில் கோத்துக்கொண்டாள்.

“ஒண்ணு என்கிட்ட இருக்கட்டுமே” என்றான் தர்மா.

“எதுக்கு? இனிமே அது எங்கயும் போவாதுல்ல.”

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அவன் மெல்லக் கேட்டான்.

“ஆமா, நீ எப்போ அதுகூடப் பழகுன?”

“போன வெள்ளிக்கிழமை. கடைசி வீட்டுப் பவளத்துகிட்ட நீங்க ராணியைத் தேடிட்டு இருந்தீங்களே, அந்த நேரம்தான். பாவம், பெட்டிக்குள்ள பசியோட உக்காந்திருந்துச்சு. நான்தான் ஒரு கரப்பான்பூச்சி போட்டேன்.”