பத்து நிமிடம் செல்லும்

எழுதியதெல்லாம் போய்விட்டது.

அவள் திரையையே பார்த்தாள். வெறும் கட்டம். மேலே ஒரு வரி: நேரம் முடிந்தது. மீண்டும் உள்நுழையவும்.

இது இரண்டாவது முறை.

"மறுபடியும் வெளிய தள்ளிடுச்சாக்கா?" கம்ப்யூட்டர் கடை தினகரன் தன் வேலையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான். "செல் நம்பரப் போட்டதும் அது ஒனக்கு ஒரு டோக்கன் குடுக்குது. அதக் காட்டித்தான் கலெக்டர் ஆபீஸ் மனுப் பக்கத்துக்குள்ள போற. பத்து நிமிசந்தான் செல்லும். நீ எழுதிட்டிருக்கிறது அதுக்குத் தெரியாது. அனுப்பினாத்தான் தெரியும்."

பத்து நிமிடம் அவள் விரலுக்கு ஒரு வணக்கம் போடத்தான் காணும்.

முதல் தடவை 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு' என்பதிலேயே போயிற்று. எழுதப் படிக்கக் கற்ற மாலை வகுப்பில் அப்படித்தான் தொடங்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அடுத்த தடவை ஐயாவை விட்டாள். ஊர், தெரு, சித்தாள் வேலை செய்கிறேன் என்பது வரை வந்தாள்.

விஷயத்துக்கு வரவில்லை.

"வாயால சொல்லுக்கா, நானே அடிச்சுத் தரேன். ரெண்டு நிமிசம்."

"வேணாம் தம்பி."

அவன் அவள் வேலை பார்க்கும் கட்டடத்து மேஸ்திரியின் மச்சினன். அந்தத் தெருவில் வேறு கடை கிடையாது.

நாலாவது மாடிச் சாரத்தில் கயிறு இற்றுக் கிடப்பதை மேஸ்திரியிடம் காலையிலேயே சொல்லிப் பார்த்திருந்தாள். "சட்டி தூக்க வந்தவ சட்டியத் தூக்கு," என்றார். "இன்னொருத்தர்கிட்ட வாயத் தொறந்த, நாளையிலேர்ந்து வராத."

பின்னால் பெஞ்சில் இருதயராஜ் கொத்தனார் ஆதார் நகல் எடுக்கக் காத்திருந்தார்.

"ஏம்மா கலெக்டரம்மா, நீ மனு எழுதி முடிக்கிறதுக்குள்ள நாங்க நாலாவது மாடியப் பூசிட்டு எறங்கிடுவோம் போலயே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக் காலையில் அந்தச் சாரத்தில் முதலில் ஏறப்போவது அவர்தான்.

மறுபடி நம்பர் போட்டாள். செல்லுக்கு வந்த ஆறு எண்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். திரை அவள் பெயரைச் சொல்லி வரவேற்றது.

வணக்கம் போடவில்லை.

ஒற்றை விரல். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு மூலையில் இருந்தது.

ரயில்வே கேட் கட்டடம். நாலாவது மாடி சாரம் கயிறு இத்துப்போச்சு. நாளைக்கு ஆள் ஏறுது. நிறுத்துங்க.

பேசுகிற மாதிரியே எழுதிவிட்டாள். திருத்த நேரமில்லை.

அனுப்பினாள்.

சக்கரம் சுற்றியது. நின்றது. மனு எண் வந்தது.

எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் ஒரு வரி. எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

ஏழு வேலை நாட்களுக்குள் பரிசீலிக்கப்படும்.

மறுபடி படித்தாள். ஏழுதான்.

"போயிடுச்சாக்கா?"

"போயிடுச்சு தம்பி."

எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் போக வழிவிட்டு இருதயராஜ் காலை மடக்கினார்.

அவள் போகவில்லை.

"அண்ணே. நாளைக்கு அந்தச் சாரத்துல ஏறாதீங்க. கயிறு இத்துக் கெடக்கு. கண்ணால பாத்தேன்."

கீபோர்டில் தினகரனின் விரல்கள் நின்றன.

அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒங்க மாமாகிட்டச் சொல்லிடு தம்பி. நான்தான் சொன்னேன்னு."