தறிகள் நின்ற நேரம்

ஜலகண்டாபுரத்துத் தறிக்கூடத்தில் பிற்பகல் மூன்று மணிக்குக் கரண்டு போகிறது. இருபது விசைத்தறிகளும் சட்டென்று நின்றுவிட, அந்த இரைச்சலை மீறிப் பக்கத்துத் தறிக்காரியிடம் கத்திப் பேசிக்கொண்டிருந்த சலோமியின் குரல் மட்டும் நிற்காமல் கூடம் முழுக்கப் பரவுகிறது. "இலக்கியா புருசன் சும்மாவா ஊட்ட உட்டுப் போனான்? எல்லாம் அவ வாய்தானுங்க!" தகரக் கூரையில் மோதித் திரும்பும் அந்தக் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்கிறது. நேற்று ஜெபக்கூட்டத்தில், இனி யாரையும் புறங்கூறமாட்டேன் என்று அழுததும் இதே குரல்தான். யாரும் திரும்பவில்லை. பஞ்சுத்தூசி மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. மூன்று தறி தள்ளி நிற்கும் இலக்கியா, அறுந்த நூலை முடிந்துகொண்டிருக்கிறாள். முடிச்சு விழுந்த பிறகும் அவள் விரல்கள் நிற்கவில்லை. சலோமி அண்ணாந்து பல்பைப் பார்க்கிறாள். அது எரிகிற வழியைக் காணோம். "நான் சொன்னது பொய், இலக்கியா. என்னை மன்னிச்சுரு கண்ணு," என்கிறாள், எல்லோருக்கும் கேட்கும்படி. இலக்கியா தலை நிமிராமல் கேட்கிறாள்: "கரண்டு போகலீன்னா இதச் சொல்லியிருப்பீங்களாக்கா?" பல்பு எரிகிறது. தறிகள் ஒவ்வொன்றாக அலறத் தொடங்குகின்றன. சலோமியின் கை மட்டும் அவள் தறியின் சுவிட்சுக்குப் போகவில்லை.