அழாத பிள்ளைக்கு ஸ்டார்

எல்.கே.ஜி. வகுப்பில் அழாத பிள்ளைக்கு மிஸ் புறங்கையில் ஒரு ஸ்டார் ஒட்டுவார். பூவரசி சேர்ந்து நாலு நாள். நாலு நாளும் அவளுக்கு ஸ்டார்.

"பார்த்தியா என் ராசியை! பிள்ளை ஒரு சொட்டு அழலை," என்றது ஸ்டார்.

அவள் சட்டையில் ஊக்கு குத்தித் தொங்கிய கைக்குட்டைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போடா ஜிகினாப் பயலே! நெஞ்சு மேல தொங்குறவன் நான். அவ அம்மா கேட்டைத் தாண்டினதிலிருந்து உள்ளே அடிக்கிற அடி எனக்குத்தான் தெரியும். அவ்வளவு அழுகையையும் அவ விழுங்கினதுக்கு ஈடா நீ ஒருத்தன்தானா? என்னடா பேரம் இது?"

"நான் வேணும்னுதானே விழுங்குறா?"

கைக்குட்டை தன்னையே குனிந்து பார்த்தது. நாலு நாளாக அது மடிப்புக் கலையாமல் காய்ந்துதான் கிடந்தது.

மதியம் எல்லாரும் பாயில் தூங்கினார்கள். பூவரசி மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி, ஸ்டாரைக் கிழியாமல் உரித்துச் சுவரில் ஒட்டினாள். பிறகு கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தமே வராமல் அழுதாள்.

மணி அடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டாரைத் திரும்ப ஒட்டினாள். பசை போயிருந்தது. ஈரக் கைக்குட்டையைப் பார்த்த ஸ்டார் ஓரம் சுருண்டுகொண்டது.

அம்மா வரும்வரை ஸ்டார் விழாமல், மறு கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடியே பூவரசி உட்கார்ந்திருந்தாள்.