ரயிலுக்குள் மழை

மெட்ரோ ரயிலில் யாராவது வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டால் குடும்பத்துக்கே ஒரு மாதம் பயணத் தடை. கேமரா காட்டிக்கொடுக்கும், ஆளை உறுதிசெய்வது கட்டுப்பாட்டு அறையில் மங்கையர்க்கரசியின் வேலை.

அன்று காலை, ஓடும் ரயிலுக்குள் ஒருவர் குடையை விரித்தார். சட்டையில் இல்லாத ஈரத்தை உதறினார். பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "நனையறீங்களே, உள்ள வாங்க" என்றார்.

யாரும் யாரோடும் பேசாத பெட்டி அது. அந்தப் பெண் தயங்கினாள். பிறகு கைப்பையைத் தலைமேல் பிடித்தபடி குடைக்குள் ஓடிவந்தாள். ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரைத் தாண்டினார். கொஞ்ச நேரத்தில் பெட்டியே இல்லாத மழைக்கு ஒதுங்கிச் சிரித்தது.

கட்டுப்பாட்டு அறையில் மேற்பார்வையாளர் திரையை எட்டிப் பார்த்தார். "குடை முகத்த மறைக்குதேம்மா. யாருன்னு தெரியலன்னா விட்டுரு."

குடையின் கைப்பிடியில் மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. போன வாரம் அதைச் சுற்றிக் கொடுத்தவளே மங்கையர்க்கரசிதான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

மங்கையர்க்கரசி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் சார். தடையப் போட்டுருங்க, நாங்க நடந்து போயிக்கிறோம்."